திறக்க வேண்டாம் என்று எழுதிய பெட்டகம்

ஜூன் 3, திங்கள்

இன்று காலை பத்து மணிக்கு என் மானம் பிரிண்டரிலிருந்து பாதி வெளியே வந்தது. நல்லவேளை, பேப்பர் சிக்கிக்கொண்டது.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். பிரிண்டர் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும். அதனால் ஆதார் நகல், ரயில் டிக்கெட், தொட்டி கழுவும் அறிவிப்பு எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் உலகத்துக்குப் போகும். இன்று என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியன் தொட்டி அறிவிப்பை அச்சடிக்கிறேன் என்று உட்கார்ந்து, பக்கத்திலிருந்த வேறொரு கோப்பை அமுக்கிவிட்டார். எதிர்வீட்டு உலகம்மாள் கையில் தோசைமாவுப் பாத்திரத்தோடு பிரிண்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். 'முன்னேற்ற அறிக்கை' என்ற தலைப்பு மட்டும் வெளியே வந்து நின்றது.

"யாருக்கு டீச்சர் முன்னேற்றம்?"

"பழைய பள்ளிக்கூடத்துப் பேப்பர், உலகு" என்று சொல்லிப் பிடுங்கி இழுத்தேன். பேப்பர் கிழிந்தது. பிரிண்டரின் மூடியும் கழன்றது.

கோப்பைப் பூட்ட வேண்டும். உடனே.

தோசைமாவு நன்றாகப் புளித்திருந்தது. பாத்திரம் என்னுடையது. போன தீபாவளிக்கு வாங்கிப் போனது.

ஜூன் 4, செவ்வாய்

நாட்குறிப்பில் பொய் எழுதக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே எழுதிவிடுகிறேன்.

முப்பத்தாறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். ஓய்வு பெற்ற முதல் மாதம் கை அரித்தது. பேப்பர் போடுகிறவருக்கு ஒரு மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். அறுபத்தொன்று. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் பால்காரர். அப்புறம் பன்னிரண்டு வீடுகளும். எட்டு வருடமாக எக்செல்லில் போட்டு வருகிறேன். ஐந்து பாடம், பாடத்துக்கு இருபது: உதவி, நேரம் தவறாமை, பேச்சில் அளவு, வாங்கிய பொருளைத் திருப்பித் தருதல், ரகசியம் காத்தல். தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. அரையாண்டுக்கு ஒரு முறை திருத்துவேன். யாரையும் வெட்கப்படுத்துவதற்கு இல்லை. ஒருவரை நன்றாகக் கவனித்தால்தானே மதிப்பெண் போட முடியும்?

உலகு: உதவி 20, நேரம் 3, பேச்சு 4, திருப்பித் தருதல் 5, ரகசியம் 2. மொத்தம் 34. குறிப்பு: 'பேச்சைக் குறைத்தால் முன்னேற வாய்ப்புண்டு.'

பதினோரு வருடமாக நானும் அவளும் தினமும் காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறோம். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஒரு மாதம், ஒரு நாளைக்கு நாலு வேளை, அவள்தான் வந்து சொட்டு மருந்து விட்டாள். அந்த இருபதுக்கு இருபது அப்படி வந்தது. அவள் இந்த அறிக்கையைப் பார்த்தால் அதோடு என் நடைக்குத் துணை போய்விடும்.

ஜூன் 6, வியாழன்

காஜா முகைதீனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். எட்டாம் வகுப்பில் நான் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியவர். இப்போது நாற்பத்தொரு வயது, தலையில் பாதி நரை. என்னைப் பார்த்ததும் இன்றைக்கும் எழுந்து நின்றார்.

"ஒரு கோப்பை யாரும் பார்க்காம பூட்டணும் காஜா."

"பேங்க் விவரமா டீச்சர்?"

"அதைவிட முக்கியம்."

"வீட்டுப் பத்திரமா?"

"அதைவிட."

அவர் கடைக் கதவை லேசாகச் சாத்தினார். "போலீஸ் கேஸ் எதுவும் இல்லியே?"

இல்லை என்றேன். அவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். வெறுமனே ஒரு கோப்பை மறைத்து வைப்பது வேறு, குறியாக்கம் செய்வது வேறு. மறைப்பது என்றால் கடிதத்தை மெத்தைக்கு அடியில் வைப்பது. குறியாக்கம் என்றால் கடிதத்தையே நமக்கு மட்டும் புரிகிற கிறுக்கலாக மாற்றிவிடுவது. மெத்தையைத் தூக்கினாலும் கிறுக்கல்தான் கிடைக்கும். (மெத்தை உதாரணம் என்னுடையது. அவர் ஏதோ அல்காரிதம் என்றார்.)

"ஆனா டீச்சர், பாஸ்வேர்டை மறந்துட்டா நானும் திறக்க முடியாது. அதைச் செஞ்ச கம்பெனிக்காரனும் திறக்க முடியாது. அழுதாலும் திறக்காது."

"நல்லது. அப்படித்தான் இருக்கணும்."

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார். "யாரும் பாக்கக் கூடாதுன்னா, அதை அழிச்சிடலாமே டீச்சர்?"

"பதிவேட்டை யாராவது அழிப்பாங்களா?" என்றேன். பழக்கத்தில் குரல் உயர்ந்துவிட்டது. பாவம், மறுபடியும் எழுந்து நின்றார்.

ஜூன் 8, சனி

நான்கு மென்பொருள்களை இறக்கி, முறையாகத் திருத்தினேன்.

முதலாவது, கோப்பைச் சுருக்கிப் பூட்டுவது. டிபன் பாக்ஸ் மாதிரி. ஆனால் சாப்பிட வேண்டுமென்றால் வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்ததில் ஒரு பிரதி மேஜைமேல் சிந்திக் கிடக்கிறது. 48.

இரண்டாவது, கம்ப்யூட்டர் முழுவதையும் பூட்டுவது. வாசல் கதவு மாதிரி. திருடன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால் இதுதான் சிறந்தது. ஆனால் என் பிரச்சினை வெளித்திருடன் இல்லை. காலையில் என் வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் பன்னிரண்டு வீடும் உள்ளே வந்துவிடும். 64.

மூன்றாவது, 'உலகிலேயே பாதுகாப்பானது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எப்படிப் பூட்டுகிறது என்று எங்கேயும் சொல்லவில்லை. செய்முறை காட்டாமல் விடை மட்டும் எழுதியவனுக்கு நான் எந்நாளும் மதிப்பெண் போட்டதில்லை. 11.

நான்காவது, வீட்டுக்குள் பீரோ வைத்த மாதிரி ஒரு பெட்டகம் செய்து தருவது. பாஸ்வேர்டு போட்டால் தனி அறையாகத் திறக்கும். மூடினால் வெறும் கிறுக்கல். இலவசம். அதை எப்படிச் செய்தார்கள் என்ற செய்முறை முழுவதையும் யார் வேண்டுமானாலும் படித்துத் தப்புக் கண்டுபிடிக்கும்படி வெளியே வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு மாணவன் எனக்கு வாய்த்ததே இல்லை. 93.

அறிக்கையைப் பெட்டகத்துக்குள் மாற்றிவிட்டு, காஜா சொன்னபடி வெளியிலிருந்த பழைய பிரதியை அழித்தேன். பெட்டகத்துக்கு ஒரு பெயர் வேண்டுமாம். அட்டை போட்டுப் பெயர் எழுதாத நோட்டை நான் கையால் தொட்டதில்லை. தெளிவாக எழுதினேன்: 'பூட்டிய பெட்டகம் - திறக்க வேண்டாம்.'

ஜூன் 11, செவ்வாய்

பரிசோதனை. என் வீட்டுக்காரரை உட்கார வைத்து, "ஒரு மணி நேரத்துக்குள்ள திறந்து காட்டுங்க" என்றேன்.

முதலில் என் பிறந்த தேதியைப் போட்டார். அப்புறம் அவர் பிறந்த தேதி. அப்புறம் எங்கள் கல்யாணத் தேதி. கல்யாணத் தேதியைத் தப்பாகப் போட்டார்.

பெட்டகம் தேர்ச்சி. இவருக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

மாலையில் மொட்டைமாடியில் குடியிருப்புப் பெண்களுக்கு வகுப்பு எடுத்தேன். போன வாரம் நான் படித்ததெல்லாம் எனக்குள்ளேயே கிடந்து வீணாகிறதே என்றிருந்தது. பதினோரு பேர் வந்தார்கள். தலைப்பு: 'நல்ல பாஸ்வேர்டு வைப்பது எப்படி?'

மூன்றாம் நம்பர் செண்பகவல்லி தன் பாஸ்வேர்டு பேரன் பெயர் என்றாள். இரண்டாவது பேரன் பிறந்ததும் மாற்றாமல் விட்டதில் மருமகளுக்கு வருத்தமாம்.

பெயர், தேதி எதுவும் கூடாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வைத்தால் யாராலும் ஊகிக்க முடியாது என்று விளக்கினேன். எல்லாரும் விழித்தார்கள். உதாரணம் இல்லாமல் பாடம் நடத்த எனக்கு வராது. அந்த நேரத்தில் நல்ல உதாரணம் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. போர்டில் எழுதினேன்:

சுண்ணாம்பு ஒட்டகம் திங்கட்கிழமை குடமிளகாய்.

கிடுகிடுவென்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இரண்டு முறை சேர்ந்து சொல்லவும் வைத்தேன். உலகு முதல் வரிசையில் உட்கார்ந்து, "ஒட்டகத்தை இங்கிலீஷ்ல எப்படி அடிக்கணும் டீச்சர்?" என்று கேட்டு அதையும் குறித்துக்கொண்டாள். என்ன அக்கறை!

உதாரணம் என்று சொல்லிவிட்டால் அது உண்மையாக இருக்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். இதுவும் ஒரு வகைப் பாதுகாப்புதான்.

ஜூன் 18, செவ்வாய்

உலகு ஆதார் நகல் எடுக்க வந்தாள். கம்ப்யூட்டரில் உட்கார வைத்தேன். பால் பொங்கும் வாசனை வந்ததும் அடுக்களைக்கு ஓடினேன். அடுப்பைத் துடைத்துவிட்டு வரக் கால்மணி நேரம் ஆனது. திரும்பி வந்தால் உலகு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நகல் எடுத்தாச்சா?"

"அப்புறம் வாரேன் டீச்சர்."

போய்விட்டாள். நகலும் எடுக்கவில்லை, ஒரு கதையும் சொல்லவில்லை. பிரஷராக இருக்கும். பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

காலை நடைக்கு உலகு ஐந்தரைக்கே வந்துவிட்டாள். ஐந்தரை என்றால் சரியாக ஐந்தரை. நான் இன்னும் பல் விளக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

ஐந்து நாளாகத் தினமும் ஐந்தரை. கடிகாரத்தை ஒரு முறை சரிபார்த்தேன். கடிகாரம் சரிதான்.

ஜூன் 27, வியாழன்

இன்று உலகு ஒரு கட்டைப் பையோடு வந்தாள். தோசைமாவுப் பாத்திரம், இட்லித் தட்டு இரண்டு, என் கத்திரிக்கோல், ஒரு குடை, இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிப் போன ஊறுகாய் ஜாடி. ஜாடியில் புது ஊறுகாய் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கிடுங்க" என்றாள்.

அந்தக் குடை எங்களுடையது இல்லை. சொன்னேன். "அப்ப யாருதுன்னு கண்டுபிடிச்சுக் குடுத்துருதேன்" என்று நாலாவது மாடிக்கே ஏறிப் போனாள்.

"எதிர்வீட்டம்மா ஊரைவிட்டுப் போறாங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

ஜூன் 30, ஞாயிறு

அரையாண்டுத் திருத்தம். பெட்டகத்தைத் திறந்து, முடித்து, மூடினேன். இந்த மென்பொருளுக்கு இரண்டு மதிப்பெண் கூட்டலாம்.

உலகின் முன்னேற்றம் வியப்புக்குரியது. உதவி 20, நேரம் 17, பேச்சு 15, திருப்பித் தருதல் 18. ரகசியம் காத்தலில் மட்டும் அதே 2. ஆதாரம் இல்லாமல் மதிப்பெண்ணை மாற்ற முடியாது. மொத்தம் 72.

முதல் வகுப்பு. நான் சந்தோஷப்பட வேண்டும்.

ஜூலை 3, புதன்

ஐந்து சுற்று நடந்தோம். செண்பகவல்லியின் மருமகள் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போயிருப்பது எனக்கே தெரிகிறது. உலகுக்குத் தெரியாமல் இருக்காது. "என்னவாம்?" என்று நானே கேட்டேன்.

"தெரியலை டீச்சர். அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதுக்கு?"

மைதானம் இவ்வளவு பெரியது என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஜூலை 7, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

இன்று மூன்றாவது சுற்றில் உலகு நின்றுவிட்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். அரையாண்டு மார்க் போட்டாச்சா?"

"எந்த மார்க்?"

"நடிக்காதீங்க. நடிப்புக்கு நீங்க பாடம் வைக்கலை."

நான் பக்கத்திலிருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உட்காரவில்லை.

"எப்படித் திறந்தே உலகு?"

"பாஸ்வேர்டு கேட்டுச்சு. நீங்க வகுப்புல சொல்லிக் குடுத்ததைப் போட்டேன். பாஸ்வேர்டுன்னா அதுதான் போலிருக்குன்னு நினைச்சேன். திறந்துட்டுது."

"திறக்க வேண்டாம்னு எழுதியிருந்தேனே!"

"அதனாலதான் திறந்தேன். பேசாம 'பழைய வினாத்தாள்'னு எழுதியிருந்தா எவ திறப்பா?"

காஜா முகைதீன்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"ரகசியம் காக்குறதுக்கு இருபதுக்கு ரெண்டு. அந்த ரெண்டும் எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

உண்மையைச் சொன்னேன். "பேர் எழுதினதுக்கு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பத்தொன்பது நாள் டீச்சர். நீங்க எல்லாருக்கும் மார்க் போடுற விஷயத்தை நான் ஒரு ஜீவன்கிட்டகூடச் சொல்லலை. என் மககிட்டச் சொல்லலை. செண்பகத்துக்கு நாப்பத்தொண்ணுன்னு தெரியும், அதை அவகிட்டயே சொல்லலை! எனக்கு நெஞ்செல்லாம் வலிச்சுது. டாக்டர்கிட்டப் போனேன். வாயுன்னுட்டார்."

நான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். அவள் நின்றுகொண்டே தொடர்ந்தாள்.

"எஸ்.எஸ்.எல்.சி.ல கணக்குல எனக்கு முப்பத்திநாலு. ஒரு மார்க்குல போச்சு. எங்கப்பா அதோட நிப்பாட்டிட்டார். அந்தப் பேப்பரைத் திருத்தின டீச்சர் யாருன்னு எனக்குத் தெரியாது. அதனால கோபமும் வரலை. இப்ப அறுபத்திமூணு வயசுல மறுபடியும் முப்பத்திநாலு. யாரு போட்டான்னு பாத்தா, தினமும் கூட நடக்குற டீச்சர்."

பள்ளிக்கூடத்தில் முப்பத்திநாலு வந்த தாளை நான் இரண்டாவது முறை திருத்தாமல் விட்டதே இல்லை. எங்காவது ஒரு படிநிலையில் ஒரு மதிப்பெண் ஒளிந்திருக்கும். தேடிப் பிடித்துப் போடுவேன். உலகின் தாளில் தேடவில்லை. அவளிடம் அதைச் சொன்னேன்.

"இப்ப மறுமதிப்பீடு போடுதேன் உலகு."

"வேண்டாம். இப்ப நான் உங்களுக்குப் போடுதேன். பதினோரு பேரைக் கூட்டி வச்சு, உங்க பாஸ்வேர்டை நீங்களே போர்டுல எழுதி, ரெண்டு தடவை பாட்டாப் பாட வச்சீங்க. ரகசியம் காக்குறதுல உங்களுக்கு எத்தனை?"

விடை எனக்குத் தெரிந்திருந்தது. "பூஜ்யம்."

"பேர் எழுதினதுக்கு ரெண்டு தாரேன்" என்று சொல்லிவிட்டு, என்னை விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 8, திங்கள்

உலகு வரவில்லை.

அறிக்கையை அழித்தேன். எட்டு வருடம். அழிக்க ஒரு நொடி ஆனது. என் வீட்டுக்காரரிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

"என் மார்க்கும் போச்சா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"போச்சு."

"எவ்வளவு இருந்துச்சு?"

"கல்யாணத் தேதியைச் சரியாச் சொல்லுங்க, சொல்லுதேன்."

யோசிக்கப் பால்கனிக்குப் போனவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

பிறகு வீடு வீடாகப் போனேன். "வகுப்புல சொன்னது உதாரணம்தான், அதையே வச்சிருந்தா மாத்திருங்க" என்று சொல்ல. பத்து வீட்டிலும் அதையேதான் வைத்திருந்தார்கள். பேங்குக்கு, போனுக்கு, கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய, எல்லாவற்றுக்கும் ஒட்டகம்.

"நீங்க சொன்னதை மாத்துறது மரியாதை இல்லியே டீச்சர்" என்றாள் செண்பகவல்லி. குளிர்சாதனப் பெட்டியின்மேல் அதைப் பெரிதாக எழுதி ஒட்டியும் வைத்திருந்தாள்.

பதினோராவது வீடு எதிர்வீடு. கதவைத் தட்டினேன். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரும் திறக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

தனியாக இரண்டு சுற்று. முட்டி வலி.

ஜூலை 10, புதன்

ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது. உலகு. பதினைந்து நிமிடம் தாமதம். கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு."

"எனக்குக் கடைசியா எத்தனை இருந்துச்சு?"

"எழுபத்திரண்டு. ரகசியத்துக்கு நியாயமா இருபது போட்டிருந்தா தொண்ணூறு."

"தொண்ணூறா!" விரல் விட்டு ஒரு முறை கூட்டிப் பார்த்தாள். "அதை ஒரு பேப்பர்ல அடிச்சுக் குடுத்துட்டு அழிச்சிருக்கலாம்லா" என்றாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, "நடங்க. உங்களுக்கு இன்னைக்குத் துணைத் தேர்வு" என்றாள்.

"என்ன பாடம்?"

"நீங்க தவறின பாடம்தான். நான் ஒண்ணு சொல்லுவேன். இதுவரைக்கும் யாருக்கும் சொல்லாதது. நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ரிசல்ட்டு எப்பன்னு சொல்ல மாட்டேன்."

முதல் சுற்று முழுவதும் சும்மா வந்தாள். இரண்டாவது சுற்றில் ஆரம்பித்தாள். ஐந்தாவது சுற்றில்தான் முடித்தாள். நடுவில் என்னால் நடக்க முடியாமல் இரண்டு முறை நின்றேன். ஒரு முறை சிரிப்பில். ஒரு முறை அப்படி இல்லை.

பதினோரு வருடம் பக்கத்தில் நடந்தவளுக்கு, இது எதுவும் தெரியாமலே நான் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

"எதிர்வீட்டம்மா நேத்து மைதானத்துல என்ன சொன்னாங்க? நீ வந்ததிலேர்ந்து தானாச் சிரிக்கே" என்றார் என் வீட்டுக்காரர்.

"மழை வரும்னு சொன்னா."

செண்பகவல்லி மாடிப்படியில் மடக்கினாள். அவளுக்கும் மழை என்றேன்.

காஜா முகைதீன் போன் செய்து, பெட்டகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று விசாரித்தார். காலிப் பெட்டகம்தான், ஆனாலும் இருக்கட்டும் என்றேன். புது பாஸ்வேர்டு வைத்துவிட்டேனா என்றார். வைத்துவிட்டேன் என்றேன். எப்படிப்பட்டது என்று ஒரு உதாரணம் சொல்லச் சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

உலகு சொன்னதை இங்கே எழுதினால் நாலு பக்கம் வரும். பேனாவையும் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உழவர் சந்தை: வெண்டைக்காய் அரைக்கிலோ, சின்ன வெங்காயம் ஒரு கிலோ. மழை இல்லை.